ஊசி நின்ற பிறகு உங்கள் தங்கை செய்யும் அநியாயம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி இறங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம், மிக்க மகிழ்ச்சி. மேலே ‘இருவரும் சுகம்’ என்று எழுதினேனே, அதில் நான் சுகம் என்பது முழு உண்மை. இப்போது இந்த வீட்டில் பிரச்சினையே அதுதான்.

நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் உங்கள் தங்கை “பரவாயில்லண்ணா” என்று சொல்லி வைத்துவிடுவாள். ஆகவே நான் முதலிலிருந்து சொல்கிறேன். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று கண்டுபிடித்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கூடவே மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் ஹார்மோன் ஊசி. ஆண் ஹார்மோன்தான் அந்த நோய்க்குத் தீனி, ஆகவே அதைச் சுரக்கவிடாமல் ஊசி கட்டிப்போட்டுவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். நாற்பது வருடம் ஊசியை நம்பிப் பிழைத்த தையல்காரன், இன்னும் கொஞ்ச நாள் ஊசியால் பிழைத்தால் என்ன என்று சிரித்துக்கொண்டேதான் போனேன். சிரிப்பெல்லாம் மூன்று வாரம்தான். ஒரு நாள் கடையில் ஒருவருக்குத் தோளளவு எடுத்துக்கொண்டிருந்தேன், பாதத்திலிருந்து ஒரு சூடு கிளம்பியது பாருங்கள், வயிறு, மார்பு, கழுத்து என்று ஏறி உச்சந்தலைக்குப் போய் அங்கிருந்து வியர்வையாகக் கொட்டி, மூக்கு நுனியில் நின்ற ஒரு சொட்டு அவருடைய காலரில் விழுந்தது. மனிதர் பயந்துவிட்டார். “மாஸ்டர், அவசரமே இல்ல, அடுத்த மாசம் குடுத்தா போதும்” என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து வெளியே போனார். இன்னொருவர் தன் மகன் முதன்முதலாக வேலைக்குப் போகிறான் என்று பேன்ட் தைக்கத் துணி கொண்டுவந்து, “கால் மடிப்புல கொஞ்சம் துணி விடுங்க, இன்னும் வளருவான்” என்றார். அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ‘இன்னும் வளருவான்’ என்றால் அதில் அழ என்ன இருக்கிறது? ஆனால் அழுதேன். அவரும் கூட அழுதார்.

அதைவிடப் பெரிய சங்கடம் மார்பு. ஊருக்கே அளவெடுக்கிறவன் தன் அளவை எடுக்காமல் இருப்பானா? அளவு நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வாரா வாரம் குறித்துவந்தேன். முப்பத்தெட்டு முப்பத்தொன்பதாகி, நாற்பதரையில் வந்து நின்றது. உடற்பயிற்சி செய்து வந்த மார்பு என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்க்கடை லேடீஸ் டெய்லர் நம்பவில்லை. முப்பது வருடமாக என்னோடு போட்டி போடுகிற அந்த மனிதர் ஒரு நாள் கடை ஏறி வந்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணே, கூச்சப்படாதீங்க. இது என் டிபார்ட்மென்ட். அளவு குடுத்தீங்கன்னா யாருக்கும் தெரியாம தச்சுத் தந்துடறேன்” என்றார். எவ்வளவு நல்ல மனசு! அதற்கும் அழுதேன்.

இப்படியாக இரண்டு வருடம் போய், ஊசியை நிறுத்தினார்கள். “இனிமே உடம்பு தானா சுரக்க ஆரம்பிக்கும். ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம், வயசைப் பொறுத்தது” என்றார் டாக்டரம்மா. என் காதில் ஆறு மாசம் மட்டும்தான் விழுந்தது. ஆறு மாதம் முடிந்த அன்று காலை கண்ணாடி முன் போய் நின்றேன். ஆஹா! ஊசியால் முடி உதிர்ந்திருந்த காலில், முழங்காலுக்குக் கீழே புதிதாக மூன்று முடி. உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது துணியில இருந்து ஒட்டின நூல்” என்றாள். இரண்டு நூல்தான், ஒப்புக்கொள்கிறேன், மூன்றாவது முடிதான். அந்த வாரமே சூடு ஏறுவதும் குறைந்தது. நடையில் ஒரு துள்ளல் வந்தது. ஓரத்தில் கிடந்த பழைய தையல் மிஷினின் தலையை, அத்தனையும் வார்ப்பிரும்பு, ஒற்றையாளாகத் தூக்கி மறு மேசையில் வைத்தேன்; எதிர்க்கடைக்காரர் கைதட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்திருந்தது தனிக்கதை. படுத்திருந்தாலும் பழைய ஆண்பிள்ளையாகப் படுத்திருந்தேன். மஞ்சளில் கட்டம் போட்ட சட்டை ஒன்று எனக்கு நானே தைத்துக்கொண்டேன். மற்ற விஷயங்களை மச்சானுக்கு எழுதுவது முறையல்ல. எழுதவும் ஒன்றும் இல்லை.

பிறகுதான் அந்தப் பொன்னான நாள் வந்தது. துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்தேன், அதன் வாயில் வைத்த துணி வழுக்கியது. பார்த்தால், உங்கள் தங்கை அதை வைத்து பிஸ்கட் பாக்கெட்டை வெட்டியிருக்கிறாள். துணிக் கத்திரியில் காகிதம் வெட்டினாலே எங்கள் தொழிலில் கொலைக்குற்றம். “யாரு எடுத்தது?” என்று ஒரு கத்துக் கத்தினேன் பாருங்கள், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பாதிக் கத்தலில்தான் எனக்கே உறைத்தது. இரண்டு வருடமாக நான் யாரிடமும் கத்தவே இல்லையே! சமையலறைக்கு ஓடினேன்.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!”

“என்ன வந்துச்சு?”

“கோபம்! என் பழைய கோபம்!”

அவள் அடுப்பை அணைத்தாள். “அது ரெண்டு வருஷம் வெளியூர் போயிருந்துச்சு. நான் நிம்மதியா இருந்தேன்” என்றாள்.

மச்சான், இது நியாயமா? அதிலிருந்து அவளுக்கு எல்லாமே குற்றம். அவள் பேசும்போது நான் டிவி சத்தத்தைக் கூட்டினால் குற்றம். எதிர்க்கடைக்காரர் ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்தினார் என்று சண்டை போட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தால் குற்றம். “ஹார்மோன்மா, நான் என்ன பண்றது?” என்று பொறுமையாகத்தான் விளக்குகிறேன். போன செவ்வாய்க்கிழமை, தன் தபால் நிலைய வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

“டாக்டர், அந்த ஊசியில மிச்சம் மீதி இருந்தா இவருக்கு ஒண்ணு போட்டுவிடுங்க.”

“எதுக்கும்மா? அதுதான் முடிஞ்சிருச்சே.”

“வீட்டு நிம்மதிக்கு.”

திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் சிரிக்கிறார்கள். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, “அது புத்துநோய்க்குத்தாம்மா, கோபத்துக்கு இல்ல” என்றார்.

“எனக்கு ரெண்டுக்கும் கேட்டுச்சே டாக்டர்!”

ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். வெளியே நடைபாதையில் வரும்போது அவள் திடீரென்று நின்றாள். “ஊசி வேணும்னு சும்மா சொன்னேன், அந்த ஊசி இனி உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆனா முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த ரெண்டு வருஷம்தான் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து, இன்னிக்கு கவுன்டர்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்க. முழுசா கேட்டீங்க. அது மருந்தோட வேலைன்னா, எனக்கு இனிமே அது கிடையாது. அப்படித்தானே?” என்றாள். “ஹார்மோன்...” என்று ஆரம்பித்தேன். அவள் முன்னால் நடந்து போய்விட்டாள்.

ஆகவே தாங்கள் ஒரு நடை வந்து, நான் மறுபடி பழைய ஆளாகிவிட்டேன், அதற்காகச் சிலதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று உங்கள் தங்கைக்கு அண்ணன் என்ற முறையில் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். வீட்டில் அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எவர் கையிலும் ஊசி குத்திக்கொள்ளாமல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய பலம் முழுவதும் திரும்பப் பெற்ற,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போன நேரம் டாக்டரம்மா போன் செய்தார். அவசரத்தில் எந்தப் பொத்தானையோ அழுத்திவிட, பேச்சு வீடு முழுக்கக் கேட்டது. “புத்துநோயைக் காட்டுற பிஎஸ்ஏ அளவு இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்குக் கம்மி. ரொம்ப நல்ல செய்தி” என்றார். உங்கள் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஹார்மோன் எவ்வளவு ஏறியிருக்குங்க?” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன். “அது இன்னும் எழுந்திருக்கவே இல்லைங்க. ஊசி போட்டப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு. கவலைப்படாதீங்க, மெதுவா வரும்.” சூடு குறைந்ததே என்றேன். மழை பெய்து ஊரே குளிர்ந்திருக்கிறது என்றார். முடியைப் பற்றி நான் கேட்கவில்லை.

போனை வைத்ததும் உங்கள் தங்கை, “அப்ப இத்தனை நாள் கத்தினது யாரு?” என்றாள்.

“நான்தான்.”

“ஹார்மோன் இல்ல?”

“இல்ல. ஒரு சொட்டுகூட இல்ல.”

நான் வசமாக மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவளோ எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்றாள். “இப்பவும் ஹார்மோன் இல்ல, அப்பவும் இல்ல. இப்ப கத்தினது நீங்கதான்னா, அப்ப எங்கூட உக்காந்து பேசினதும் நீங்கதானே? ஊசி இல்லையே?” என்றாள். மச்சான், எனக்கு இது தோன்றவே இல்லை. ஆமாம் என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புதான். ஆகவே மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டால்

அண்ணா, பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டேன். நீங்கள் முழங்காலை வைத்துக்கொண்டு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம். பஸ்ஸில் நான்கு மணி நேரம். வழி முழுக்க நான் பேசுவதாகவும், இவர் கேட்பதாகவும் ஏற்பாடு.