லீவனின் நேர் வாரிசு

இந்த வருஷம் ஓகஸ்ட் லீவுக்கு பிரான்சில இருக்கிற லூர்து மாதா கோயில் இல்லை, பெல்ஜியத்துப் புரூஜ் நகரம் எண்டு முடிவெடுத்தன். எடுத்தது நான். வடிவாக் கேட்டுக்கொள்ளுங்கோ, இப்பிடி ஒரு வசனம் நான் அடிக்கடி சொல்றேல்லை.

காரணம் லேசுப்பட்டதில்லை. லண்டன் மோர்டனில கிழிஞ்ச சோபாவில குந்தியிருக்கிற இந்தக் கிறிஸ்துநாயகத்தின்ட உடம்பில ஓடுறது பெல்ஜியத்துப் பிளெமிஷ் ரத்தம்! அறுநூறு வருஷத்துக்கு முந்தி புரூஜில நெசவாளர் சங்கத் தலைவனா இருந்து, பிரபுவின்ட படைக்கு முன்னால வாளோட நிண்டானே லீவன், அவன்தான் என்ர மூதாதை. அவன்ட பரம்பரையில ஒருத்தன் ஒல்லாந்தக் கப்பலில மன்னாருக்கு வந்து, ஒரு தமிழ்ப் பெட்டையைக் கட்டி அங்கேயே நிண்டிட்டான். இருபத்திரண்டு வருஷமா தபால் பிரிக்கிற எனக்குச் செத்தவன்ட விலாசம் பிடிக்கிறது பெரிய வேலையோ? ஞானஸ்நானப் பதிவு, பெல்ஜியத்துப் பழைய ஏடு எண்டு எட்டு மாசம் கிண்டி, சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு வம்ச அட்டவணை கீறி முடிச்சன். சத்தியமா எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

மனிசி தயாளினி எட்டிப் பார்த்தாள். என்ர மாமா மகள்தான். சொந்தத்துக்குள்ள கட்டினது.

"அத்தான், லூர்து பஸ்ஸுக்கு கிளின்ரன் அண்ணையிட்ட பேர் குடுக்கோணும். முழங்கால் சுகமானா வாறன் எண்டு மாதாவுக்கு நேர்ந்தனான்."

"மாதா எங்க ஓடப்போறா? அடுத்த வருஷமும் அங்கதான் நிப்பா. இனி இந்த வீட்டில லீவன்ட வாரிசு சொல்றதுதான் முடிவு!"

சண்டை பிடிப்பாள் எண்டு பார்த்தன். இல்லை. இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டந்து வைச்சாள்.

"அதுவும் நியாயம்தான். ஆனா பிளேஸ்டோவில இருக்கிற எங்கட சொந்தக்காரன் டெனுசனும் வாரிசு எண்டு பெட்டி கட்டிக்கொண்டு வந்து நிப்பானே?"

ஐயோ! டெனுசன் வந்தா அவன்ட நாலு பிள்ளையளும் வரும்.

"அவன் என்னெண்டு வாரிசு? தாத்தாவின்ட தங்கச்சி வழி! வம்சம் எண்டா தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் எண்டு ஏறோணும். நடுவில ஒரு பொம்பிளை வந்தா அதோட அறுந்துது!"

"கட்டாயமோ?"

"கட்டாயம்!"

"அப்ப அதை அட்டவணைக்கு மேல எழுதி, கையெழுத்தும் போட்டு விடுங்கோ. டெனுசன் வந்தா காட்டலாம்."

கொட்டை எழுத்தில எழுதினன். எவ்வளவு கெட்டிக்காரி எனக்கு வாய்ச்சிருக்கிறாள் எண்டு பெருமைப்பட்டன்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, கோயில் மண்டபத்தில அட்டவணையை விரிச்சன். சனம் கூடிச்சுது. பஸ் ஒழுங்கு செய்யிற கிளின்ரன் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிஞ்சார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிண்டன். தயாளினி லீவனில விரலை வைச்சு, ஒவ்வொரு பேராக் கீழ இறங்கி வந்தாள்.

"இவர் எங்கட சவிரிமுத்துத் தாத்தா. இவருக்கு ரெண்டு பிள்ளையள். மூத்தவர் என்ர அப்பா. இளையவ அத்தானின்ட அம்மா. ஏன் அத்தான், மாமி பொம்பிளை எல்லோ?"

"ஓம்..."

"நடுவில பொம்பிளை வந்தா?"

கிளின்ரன் அண்ணை மேல இருந்ததைச் சத்தமா வாசிச்சார். கையெழுத்தையும் விடேல்லை.

"நீயும் பொம்பிளைதானே!" எண்டு கத்தினன்.

"நான் நடுவில இல்லை அத்தான், கடைசியில நிக்கிறன். எனக்கு மேல முழுக்க ஆம்பிளையள். கிளின்ரன் அண்ணை, லீவன்ட வாரிசு சொல்றன், லூர்துக்கு ரெண்டு சீற் எழுதுங்கோ."

ஓகஸ்ட் மாசம் பஸ் புறப்பட்டுது. முன் சீற்றில தயாளினி, பக்கத்தில ரெண்டு பையையும் மடியில வைச்சுக்கொண்டு நான். பின்னால இருந்த சுசிலா அக்கா எட்டிக் கேட்டா:

"நீங்களே பிள்ளை அந்தப் பிளெமிஷ் வம்சம்? அப்ப பக்கத்தில இருக்கிறவர் ஆர்?"

"இவரோ அக்கா? எங்கட குடும்பத்துக்குள்ள கலியாணம் முடிச்சு வந்தவர்."