மேஜரின் நீலச் சுடர்

என் உயிர் உள்ளவரை எங்கள் வீட்டு பாய்லர் மேல் என்னைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. இப்படி ஒரு சத்தியத்தைத் தெருவே கேட்கும்படி செய்திருக்கிறேன். ஒருமுறை அல்ல, வருஷா வருஷம்.

அந்த பாய்லருக்குப் பெயர் மேஜர். ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில் நான் ஃபிட்டராக இருந்தபோது, கல்யாணமான வருஷம், மேவிஸுக்குக் குளிரக் கூடாதே என்று என் கையாலேயே சமையலறை மூலையில் உட்கார வைத்தது. அதில் காயும் வெந்நீர் குழாய் வழியே அறை அறையாக ஓடி, சுவரோரம் நிற்கும் இரும்பு ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். நாற்பத்தாறு வருஷம். ஒரு பிளம்பர் எங்கள் வாசலை மிதித்ததில்லை என்று மார் தட்டிச் சொல்வேன். ஓய்வு பெற்றபோது டிப்போவில் எனக்குச் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசளித்தார்கள். அதைவிட எனக்கு மேஜரில்தான் பெருமை.

நடுவில் மேவிஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தாள். வயதான மேஜர் டமால் டமால் என்று இடிக்க ஆரம்பித்த காலம் அது.

"ரெஜ், அது வெடிக்கப்போகுது. புதுசா ஒண்ணு வாங்கிடலாம்."

"வெடிக்கல. அணிவகுப்பு நடத்துது. மேஜர்னா அப்படித்தான்."

"விரலெல்லாம் விறைச்சுப்போச்சு. ஊசி பிடிக்க முடியல."

"கையுறை போட்டுக்கோ."

"நான் பின்னுறதே கையுறைதான். கையுறை போட்டுக்கிட்டு கையுறை பின்ன முடியுமா?"

பெரிய மனிதர்கள் சில்லறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

அப்புறம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். புண் ஆறத் தாமதமாகி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தால் மேஜர் வாயே திறக்கவில்லை. கைத்தடியால் பம்பு இருக்கும் பக்கம் மூன்று தட்டு தட்டினேன். சற்று நேரத்தில் வீடு முழுக்கக் கதகதப்பு. அன்று கண்டுபிடித்ததுதான் என் மூன்று தட்டு வைத்தியம்.

முழங்கால் காரணமாக நான் குனியக் கூடாது, பரணுக்கு ஏணியில் ஏறக் கூடாது. டாக்டர் சொன்னதாக மேவிஸ் சொன்னாள். அதற்காக மேஜரைக் கவனிக்காமல் விட முடியுமா? கைத்தடி முனையில் சவரக் கண்ணாடியைக் கட்டி, மேஜரின் அடிப்பக்கத்துச் சின்ன ஜன்னலை அதில் பார்ப்பேன். உள்ளே, கேஸைப் பற்ற வைப்பதற்கென்று எப்போதும் எரியும் நீலச் சுடர் ஆடாமல் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்தால்தான் எனக்குக் காலைத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

இன்னொரு கொள்கையும் உண்டு. எங்கள் ஊரில் மானமுள்ள ஆண்பிள்ளை எவனும் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை வீட்டைச் சூடாக்க மாட்டான். நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும் நாள் அது. பக்கத்து வீட்டு டெரிக் ஒருமுறை செப்டம்பரிலேயே பாய்லரைப் போட்டுவிட்டான். கிளப்பில் ஒரு மாதம் அவனுக்கு மட்டும் போர்வை கொடுத்து உட்கார வைத்தோம்.

இந்த விஷயத்தில் மேவிஸும் இரண்டு வருஷமாகத் திருந்திவிட்டாள். அக்டோபர் ஈரக்காற்றில் நான் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் ஆடிவிட்டு வந்தால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னிக்கொண்டிருப்பாள்.

"குளிரலையா?"

"கேக் சுட்டேன். அடுப்புச் சூடு."

"பாத்தியா? குளிரெல்லாம் மனசுலதான் இருக்கு."

"ஆமா ரெஜ். உன்னை மாதிரி மனசு எல்லாருக்கும் வருமா?"

கேக்கைத்தான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருஷமும் அந்த ஞாயிறு வந்தது. என் கடிகாரத்தின் ஊசலை ஒரு மணி நேரம் பிடித்து நிறுத்தி ஓடவிட்டேன். மாலை நான்கு மணிக்கு மேஜரை எழுப்பும் விழா. வழக்கம்போல டெரிக் வந்தான். மேவிஸ் மட்டும் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி முடிந்து வரவில்லை.

"அவ வரட்டுமேய்யா, என்ன அவசரம்?" என்றான் டெரிக்.

"அவ வந்து என்ன பண்ணப்போறா? உக்காந்து பின்னுவா. இன்னிக்கு மேஜர் எழலேன்னா நாளைக்கே நான் பிளம்பரைக் கூப்பிடறேன். போதுமா?"

சொல்லியிருக்க வேண்டாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் இருக்கும் திருகை இருபது டிகிரிக்குத் திருப்பினேன். மேஜரை மூன்று தட்டு தட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். சுடர் இருந்தது. ரேடியேட்டரைத் தொட்டேன். ஐஸ்.

மறுபடி மூன்று. மறுபடியும் மூன்று. எனக்கு வேர்த்ததே தவிர வீடு சூடாகவில்லை. நாற்பத்தாறு வருஷ மானம் சமையலறைத் தரையில் கிடந்தது. டெரிக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மேவிஸ் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, பின்னல் கூடைக்குள் கையை விட்டு நூலைத் தேடினாள்.

"இன்னொரு தடவை தட்டு ரெஜ். கொஞ்சம் மெதுவா."

மெதுவாகத் தட்டினேன். குழாய்கள் டிக் டிக் என்றன. பத்தே நிமிஷத்தில் ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை.

"பாத்தியாடா டெரிக்? அதட்டினா கேக்க மாட்டான். தடவிக் கொடுக்கணும்," என்று சொல்லி, பெருமையோடு கண்ணாடியை நீட்டிச் சுடரைப் பார்த்தேன். அது மினுக்கியது. மங்கியது. அணைந்தே போனது.

ரேடியேட்டரைத் தொட்டேன். கொதித்தது. கண்ணாடியில் பார்த்தேன். இருட்டு. எனக்குப் புல்லரித்தது.

"மேவிஸ், நெருப்பே இல்லாம மேஜர் சூடு குடுக்கறான். உலகத்துல எவனும் இப்படி ஒரு பாய்லரை வச்சிருக்க மாட்டான். பத்திரிகைக்காரனைக் கூப்பிடு."

"பத்திரிகையெல்லாம் வேண்டாம் ரெஜ்."

"ஏன் வேண்டாம்? ஊருக்குத் தெரியட்டும்."

"ஊருக்குத் தெரியும்," என்றான் டெரிக். சொல்லிவிட்டு அடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் அவனே குனிந்து மேஜரின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே குழாய்களை வெட்டி, ஒழுங்காக மூடி போட்டிருந்தது. சின்ன ஜன்னலுக்கு நேராக, குழந்தைகள் அறையில் வைக்கிற நீல விளக்கு ஒன்று டேப்பால் ஒட்டியிருந்தது.

"புதுசு பரண்ல இருக்கு," என்றாள் மேவிஸ். "நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப டெரிக்கோட மருமகன் வந்து மாட்டுனான். ரெண்டு வருஷமாச்சு."

"பரணுக்கு ஏறக் கூடாதுன்னு டாக்டர்..."

"குனியக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஏணி நான் சேத்தது."

"இந்தச் சுவர்த் திருகு?"

"அதுல கம்பியே இல்ல." கூடையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். "பரண்ல இருக்கறதைப் போடறது, அணைக்கறது எல்லாம் இதுலதான்."

இரண்டு அக்டோபர் கேக்குகளும் எனக்கு அப்போதுதான் புரிந்தன. டெரிக் பக்கம் திரும்பினேன்.

"போன வருஷம் நான் தட்டினப்ப எழுந்து நின்னு கைதட்டுனியே, அது எதுக்கு?"

"மேவிஸ் சுட்ட பன்னுக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மேஜர் மேல் இருந்த தூசியைத்தான் துடைத்தேன். "அப்படின்னா இவனை ஏன் வச்சிருக்கே? கழட்டிப் போட்டிருக்கலாமே," என்றேன்.

மேவிஸ் பின்னலைக் கீழே வைத்தாள். "கல்யாணமான புதுசுல எனக்குக் குளிரக் கூடாதுன்னு நீ மாட்டுனது. அதை எப்படிக் கழட்டச் சொல்லுவேன்? தினம் காலையில நீ கண்ணாடியில பாத்துட்டு நிமிரும்போது உன் முகத்தைப் பாக்கணுமே. நாலு நாளைக்கு ஒருதரம் ராத்திரியில எழுந்திருச்சு அந்த விளக்கைக் கவனிச்சேன். கூடவே கொஞ்சம் பொய் சொன்னேன்."

இப்படி ஒரு பெண்டாட்டி இந்தத் தெருவில் வேறு எவனுக்கு உண்டு? நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் பெருமையையாவது டெரிக்கிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மேவிஸ் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஒரு வரிசை பாட்டரி. கடிகாரத்துக்கு என்று சொல்லி அவள் வாரா வாரம் வாங்கி வந்தது. எங்கள் வீட்டில் இருப்பதோ சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றே ஒன்று.

அதிலிருந்து பென்சில் சைஸில் இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இனிமே நீயே மாத்திக்கோ ரெஜ். மேஜர் மேல உன்னைத் தவிர வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கியே."