பாதையைக் கரையேற்றிய கேள்வி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மருமகன், கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் ஜெயரூபன் அவர்களுக்கு, படுவான்கரை தில்லைமுனையிலிருந்து தங்கள் தாய்மாமன் வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. தாங்களும் கொழும்பிலுள்ள தங்கள் குடும்பமும் சகல சௌபாக்கியங்களுடனும் வாழப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் அவ்விதமே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வயல் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கமநல உத்தியோகத்தன் பொய் எழுதக்கூடாது. நாங்கள் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

சென்ற ஐப்பசியில் தாங்கள் சபையில் எழுந்து எங்கள் பாதையைப் பற்றிக் கேள்வி கேட்டபோது இந்த ஊரில் முதல் வெடி கொளுத்தியவன் நான். கொழும்பில் இருந்து இருந்து பாதை என்றால் தார் போட்ட காப்பெட் வீதி என்று நினைக்கப் பழகியிருப்பீர்கள் என்பதால், கேள்வி கேட்டவருக்கே விளக்க வேண்டியிருக்கிறது. பாதை என்பது இரண்டு இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, பின்னால் ஒரு எஞ்சினைக் கட்டி, எங்களையும் எங்கள் சைக்கிள்களையும் வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் கொண்டுபோய் விடுகிற சாமான். அதைப் பற்றித் தாங்கள் கேட்டது இன்றும் எனக்கு மனப்பாடம். தில்லைமுனைப் பாதை பழுதடைந்துள்ளதை அமைச்சர் அறிவாரா, அதில் நாளொன்றுக்குப் பயணிப்போர் எத்தனை பேர், அதற்குச் செலவிடப்பட்ட பணம் எவ்வளவு என்பதை இச்சபைக்குத் தெரிவிப்பாரா, இன்றேல், ஏன்? அந்த "இன்றேல், ஏன்" என்ற இடத்தில் விரலை உயர்த்தினீர்களே, அதைச் சலூனில் போனில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். உற்சாகத்தில் துறையில் ஒட்டியிருந்த தங்கள் போஸ்டருக்கு யாரோ செவ்வந்தி மாலை போட்டுவிட, தங்கள் மாமி சீதேவிப்பிள்ளை ஓடிவந்து, "உசிரோட இரிக்கிற புள்ளைக்கு ஆரு கா மாலை போட்டது" என்று பிய்த்து எறிந்தாள். இன்றைக்கு என்றால் தடுத்திருப்பாளோ தெரியாது.

பிறகு விசாரித்ததில், தில்லைமுனையில் ஒரு பாதை ஓடுகிறது என்ற சங்கதியே தாங்கள் கேட்டபிறகுதான் மேலிடத்துக்குத் தெரிய வந்ததாம். ஆகவே ஆட்களை எண்ணிப்போக ஓர் உத்தியோகத்தர் வரப்போகிறார் என்று தங்கள் செயலாளர் எனக்குப் போனில் சொன்னார். உடனே நான் ஊர்க்கூட்டம் கூட்டினேன். குறைந்த ஆட்கள் ஏறினால் பாதை தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், எண்ணிக்கை கூடினால்தான் புதுப் பாதை வரும் என்று எடுத்துச் சொன்னேன். ஊர் ஒருபோதும் இல்லாத ஒற்றுமையோடு ஒத்துக்கொண்டது.

அந்த நாளின் அழகை எப்படி எழுதுவேன். வந்த உத்தியோகத்தர் றுஸ்தி என்று ஓட்டமாவடிப் பிள்ளை, தங்கமான பிள்ளை, கையில் அமத்தி எண்ணுகிற ஒரு சாமானோடு துறையில் நின்றார். ஊர் முழுக்கப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போனது. போய் இறங்கி, அடுத்த நடையில் திரும்பி வந்தது. திரும்பவும் போனது. சட்டையை மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. தையல்காரர் தையல் மெஷினோடு போனார். கோயில் மேளக்காரர் வாசித்துக்கொண்டே போனார்கள். மாற்றச் சட்டை இல்லாதவர்கள் ஆடுகளைக் கொண்டுபோனார்கள். நான் றுஸ்திக்கு இளநீர்க் குரும்பை வெட்டிக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"சேர், இவ்வளவு பேரும் ஒவ்வொரு நாளும் எங்க போறாங்க?" என்று கேட்டார்.

"சோலிக்கு மகன்."

"ஆடு?"

"ஆட்டுக்கும் சோலி இருக்கு."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சிரித்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன். போகும்போது குனிந்து மிதவையைத் தட்டிப் பார்த்தார், பலகையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், அதையும் எழுதிக்கொண்டார்.

அமைச்சர் விடையளித்த அன்று திரும்பவும் சலூனில் கூடினோம். ஆம், அறிவேன் என்றார். செலவு விபரங்களை வாசித்தார். அந்தப் பணத்துக்கு எங்கள் பாதையைத் தங்கத்தால் பூசியிருக்கலாம், எங்கே பூசினார்கள் என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு சொன்னார்: இப்பாதை தாங்கக்கூடிய அளவைவிடப் பன்மடங்கு பயணிகளும் கால்நடைகளும் ஏற்றப்படுவது நேரடிப் பரிசீலனையில் உறுதியாகியுள்ளதால், மக்களின் உயிர்ப் பாதுகாப்புக் கருதிச் சேவை உடனடியாக நிறுத்தப்படுகிறது. சலூனில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. மருமகன் இப்போது எழும்பி ஒரு வாங்கு வாங்குவார் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எழும்பினீர்கள். "நன்றி" என்றீர்கள். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டீர்கள்.

எதற்கு நன்றி? அறுபத்தைந்து வயதில் வாவியை நீந்திக் கடக்கச் சொன்னதற்கா? நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஓட்டைப் பாதையாவது ஓடியிருக்கும். நீ என்று எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை. உனக்கு வாவியில் நீச்சல் பழக்கியவன் நான், அந்த உரிமை எனக்குண்டு.

அடுத்த கிழமையே ஆட்கள் வந்து பாதையை இழுத்துக் கரையில் ஏற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். மூன்று பாஷையிலும் அறிவித்தல் பலகை வைத்தார்கள். சீமெந்துத் தூண், இரும்புச் சட்டம், மேலே சிறு கூரை. மழையில் பலகை நனையாது, நாங்கள்தான் நனைவோம். பாதையோட்டி நல்லரத்தினத்துக்குச் சம்பளம் உண்டு. அவன் தினமும் காலையில் வந்து கரையில் கிடக்கிற பாதையில் ஏறிக் குந்தியிருந்துவிட்டு, பொழுது பட இறங்கிப் போகிறான்.

இதெல்லாம் போகட்டும். என் மகள், உன் மச்சாள் தனுஷாவுக்கு இது பிரசவ மாதம். புருஷன் கட்டாரில். பிரஷர் கூடியிருக்கிறது, வலி கண்டதும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆசுபத்திரி இருப்பது அக்கரையில். எங்கள் முற்றத்தில் நின்றால் அதன் ஓட்டுக்கூரை தெரிகிறது. பாலத்தால் சுற்றிப் போவதென்றால் குன்றும் குழியுமான கிரவல் வீதியில் ஆட்டோவில் அரை நாள். தோணியில் போகலாமென்றால் மார்கழிக் காற்றுக்கு வாவி கொந்தளித்துக் கிடக்கிறது, நிறைமாதக்காரியை எவனும் ஏற்றமாட்டான். நேற்று அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடி, "அப்பா, ஆசுபத்திரி அந்தா தெரியிது. நான் ஏன் ஊரெல்லாம் சுத்திப் போகணும்?" என்று கேட்டாள். பயமாக இருக்கிறது மருமகன். இந்த வயதில் இப்படிப் பயந்தது கிடையாது.

உன்னிடம் போனில் சொன்னால், கவலைப்படாதீர்கள் மாமா, அடுத்த அமர்வில் மேலதிகக் கேள்வி ஒன்று கேட்கிறேன் என்கிறாய். தயவுசெய்து கேட்காதே. உன் கேள்வி என்றால் இந்தப் பக்கமெல்லாம் இப்போது நடுங்குகிறது. பக்கத்து ஊர்க்காரர் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, எங்கள் ஒற்றை பஸ்ஸைப் பற்றி மட்டும் மருமகனைக் கேட்கவேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயா என்று கெஞ்சிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட அதிபர் தண்ணீர்த் தாங்கியின் வெடிப்பைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார், உன் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சபையில் எழும்பு. நான் அப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை, வாபஸ் வாங்குகிறேன் என்று சொல். எங்கள் ஓட்டைப் பாதையை ஓட்டையோடு திருப்பித் தரச் சொல். அதன்பிறகு, பதவியில் இருக்கும்வரை பொதுச்சேவை பற்றி வாயே திறக்காதே. சும்மா இருக்கிற உறுப்பினர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களின் ஊர்களில் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாமி கோபத்தில் இருப்பதால் அன்பு தெரிவிக்கவில்லை, ஆனால் பயித்தம்பணியாரம் சுட்டு வைத்திருக்கிறாள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த பேச்சையும் அருள்வாராக.

இங்ஙனம்,
தங்கள் மாமன்,
க. வினாயகமூர்த்தி

பிற்குறிப்பு: மேலே உள்ளதை வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டியபிறகுதான், தபால் பையும் பாதையில்தான் அக்கரைக்குப் போகவேண்டும் என்பது நினைவு வந்தது. அதனால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. மறுநாள் மத்தியானம் தனுஷாவுக்கு வலி கண்டுவிட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, ஓடிப்போய்ச் சிவப்பு நாடாவை அறுத்தேன். எண்ணிய நாளில் ஆடுகளோடு போன அத்தனை பேரும் வந்து தோள் கொடுத்துப் பாதையைத் தண்ணீரில் தள்ளினார்கள். முன்பு ஓட்டைகளை எழுதிக்கொண்டு போனதன் பேரில் புதுப் பாதைக்கு அளவெடுக்க வந்து நின்ற றுஸ்தி, ஆரிட்டக் கேட்டு இறக்குறீங்க என்று கேட்டுக்கொண்டே ஏறி, தன் ஹெல்மெட்டால் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்தார். இதை யாருக்கும் சொல்லவேண்டாம். ஆனால் பிள்ளைக்குப் பொறுமையில்லை. நடு வாவியில் பிறந்துவிட்டாள். அக்கரை ஆசுபத்திரியில் சேர்த்தோம், தாயும் பிள்ளையும் நலம். நான் அழுதேன், அதையும் யாருக்கும் சொல்லவேண்டாம்.

அன்று தண்ணீரில் இறங்கிய பாதையை யாரும் திருப்பி ஏற்றவில்லை. நல்லரத்தினத்தைக் கேட்டால், "கடதாசியில இது ஓடல்ல ஐயா. தண்ணியில ஓடினா நான் என்ன செய்ய?" என்கிறான். சிக்கல் வேறு. பிறப்பைப் பதியப் போனேன். எழுவான்கரைப் பதிவாளர், பிள்ளை என் கரையில் பிறக்கவில்லை என்கிறார். படுவான்கரைப் பதிவாளரும் அதையே சொல்கிறார். பாதையில்தான் பிறந்தாள் என்றேன். அமைச்சர் நிறுத்திவிட்டதாகச் சபையில் அறிவித்த பாதையில் ஒரு பிள்ளை பிறந்ததாக எழுத முடியாது என்று இரண்டு பேரும் பத்திரிகையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கட்டாரிலிருந்து தகப்பன் தினமும் சேட்டிபிக்கட் எங்கே என்று கேட்கிறான்.

ஆகையால் மருமகன், தாங்கள் தயைகூர்ந்து அடுத்த அமர்விலேயே எழும்ப வேண்டும். நன்றி சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், பதில் வரும்வரை நில்லுங்கள். கேள்வி சிறியதுதான்: என் பேத்தி எங்கே பிறந்தாள்?