அப்பா தெரிவித்த பிழை

நான் பார்க்கிற வேலையை ஒரே வரியில் சொன்னால் யாருக்கும் மரியாதை வராது. கணினிகளைத் தூங்க வைக்கிறேன். அதுவும் சம்பளமில்லாமல்.

லேப்டாப்பின் பொத்தானை அமுக்கியதும், திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பே உள்ளே ஒரு சின்ன நிரல் ஓடி எல்லாவற்றையும் எழுப்பிவிடும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று பொதுவில் வைக்கப்பட்ட ஒரு ஃபர்ம்வேரில், பிராசசரின் மின்சாரச் சிக்கனம் சம்பந்தப்பட்ட பகுதி என் பொறுப்பு. பிராசசர் வேலையில்லாத நொடிகளில் கண்ணயரும். லேசான தூக்கம், அதைவிட ஆழம், அதையும்விட ஆழம் என்று படிகள் உண்டு. ஆழம் கூடக் கூட பேட்டரி மிச்சமாகும்; எழுந்திருப்பது கஷ்டமாகும். எந்தப் பிராசசரை எத்தனாவது படிவரை இறங்க விடலாம் என்று முடிவு செய்வதும், ஊர் பேர் தெரியாதவர்கள் அனுப்புகிற திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பதும்தான் வேலை.

இந்தப் பதவி திறமையால் வந்ததில்லை. எனக்கு முன்னால் பார்த்தவர், குழந்தை பிறந்துவிட்டது, இனி முடியாது என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டார். யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார். ஒரு வாரம் யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் நான் கை தூக்கினேன். (பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவி ஆனதும் இப்படித்தான். அந்த வருஷம் சாக்பீஸ் திருடு போனதற்கு அடி வாங்கியதும் நான்தான்.)

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. அது சோறு போட்டது. இது பெருமை போட்டது. மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெயர் கோவிந்தராசு. தாத்தா காலம் வரைக்கும் பிறத்தியார் வயலில் நின்ற குடும்பம். அப்பா கூலிக்கு நாற்று நட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அதற்கும் மேலே ஒன்றரை ஏக்கர் தன் பெயரில் வாங்கினவர். பட்டாவை அவர் எங்கள் சான்றிதழ்களோடு ஒரே பையில் வைத்திருப்பார்.

"உலகம் பூராவுமா?" என்றார்.

"ஆமாம்பா. எந்த நாட்டுல யாரு லேப்டாப்ல இது இருந்தாலும், அதுல நான் பாத்த புரோகிராம்தான் ஓடும்."

மறுநாளே டீக்கடையில், உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் தன் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை.

அந்த ஐப்பசிக் கடைசியில் லீவுக்குப் போயிருந்தேன். அண்ணன் செல்வம் ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறான். மையம் என்றால் ஒரு அறை, ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கிற ஒரு கருவி, என்னுடைய பழைய லேப்டாப். அதை அவனுக்குக் கொடுத்தபோதே எங்கள் ஃபர்ம்வேரைப் போட்டுத்தான் கொடுத்திருந்தேன். சம்பா நட்டு முடிந்து, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிகிற சமயம். சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் புத்தகம் என்று மஞ்சள் பைகளோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் அண்ணன் அலுத்துக்கொண்டான்.

"பேட்டரி நிக்கவே மாட்டேங்குது கவிதா. நாளைக்கி மாசாந்திர பராமரிப்புன்னு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாது. யுபிஎஸ்ஸும் செத்துப்போச்சு. பக்கத்து ஊர்ல ஜெனரேட்டர் கேட்டிருக்கேன்."

"ஜெனரேட்டர்லாம் எதுக்கு? நான் பாத்துக்குறேன்ணா," என்றேன்.

இந்த இரண்டு சொற்களை, 'நான் பாத்துக்குறேன்' என்பதை, அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இதே மாடலுக்கு ஒரு திருத்தம் வந்திருந்தது. எங்கோ குளிர்நாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. பிராசசரைக் கடைசிப் படிவரை தூங்க விடும் திருத்தம். பேட்டரி ஒன்றரை மடங்கு நிற்கும் என்று எழுதி, 'சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவும்' என்றும் கீழே ஒரு வரி போட்டிருந்தார். நான் சோதித்தேன். இரண்டு நாள் சோதித்தேன். மேசையில், சார்ஜரைச் சொருகியபடியே சோதித்தேன். அந்த மாடல், சார்ஜர் இருந்தால் கடைசிப் படிக்கு இறங்கவே இறங்காது. சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, அருமை என்று எழுதிச் சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் படித்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அன்று மாலை அதையே அண்ணனின் லேப்டாப்பில் ஏற்றினேன். அப்போதும் சார்ஜர் சொருகித்தான் இருந்தது. சமர்த்தாக ஓடியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போயிற்று. அண்ணன் தன் போனிலிருந்து நெட்டைக் கொடுத்துவிட்டு முதல் ஆளைக் கூப்பிட்டான். வைத்தி மாமா. எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். அடங்கலில் சர்வே நம்பரைத் தேடி எடுக்க அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று. அந்த அரை நிமிஷம் லேப்டாப்புக்கு வேலை இல்லை. திரை அப்படியே நின்றது. மவுஸ் நகரவில்லை. எதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

அணைத்துப் போட்டோம். வந்தது. பெயர் அடித்தோம். மாமா கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி நின்றது.

நாலாவது தடவையில் எனக்குப் புரிந்துவிட்டது. பேட்டரியில் ஓடும்போது மட்டும், வேலை கொஞ்சம் ஓய்ந்தால் பிராசசர் கடைசிப் படிக்கு இறங்குகிறது. இறங்கினது ஏறி வரவில்லை. உலகத்தில் இந்த மாடல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் இப்போது சார்ஜரைக் கழற்றியிருப்பார்கள் என்று மனசில் ஒரு கணக்கு ஓடியது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் வைத்தி மாமா.

"தூங்கிடுச்சு மாமா."

"எழுப்பு."

"எந்திரிக்க மாட்டேங்குது."

"நீதானேம்மா உலகத்துக்கே இதப் பாக்குற?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நம்பிக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அவரையும் சேர்த்துப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அப்பாவும் காலையிலேயே வந்துவிட்டவர்தான். 'நம்ம வீட்டுக் கடைதானே, மத்தவங்க முடிச்சுட்டுப் போகட்டும்' என்று ஒவ்வொருவராக முன்னே விட்டு வரிசையில் கடைசிக்குப் போயிருந்தார்.

வழி கண்டுபிடித்தது அண்ணி. அண்ணி பரமேஸ்வரிதான் மையத்தில் பிரிண்டர், ஜெராக்ஸ் எல்லாம் பார்ப்பது. லேப்டாப் ஒருமுறை எழுந்தபோது, அதில் முன்பு திறந்து வைத்திருந்த கோயில் திருவிழா வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. நாதஸ்வரம் பிளந்து கட்டியது. நான் அதை நிறுத்தப் போனேன்.

"இரு கவிதா. இது ஓடுறப்ப நிக்கவே இல்ல, பாத்தியா?"

உண்மைதான். வீடியோ ஓடும்வரை பிராசசருக்கு ஓய்வில்லை. ஓய்வில்லாவிட்டால் தூக்கமில்லை. பத்து வருஷப் படிப்பும் பட்டமும் எனக்குச் சொல்லாததை அண்ணி ஒரு தவில் சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். வைத்தி மாமாவின் பதிவு நாதஸ்வரத்தோடு முடிந்தது. அடுத்தவருக்கும் முடிந்தது. வாசலில் நின்றவர்கள் தலையாட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர், "சாமி பொறப்பாடு ஆயிடுச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோ ஓட ஓட பேட்டரி கரைந்தது. இப்படியே போனால் பாதிப் பேருக்குக்கூடக் காணாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. என் பொறுப்பில் இருக்கிற ஒரு பிராசசர், என் ஊர்க்காரர்கள் முன்னால், தவில் அடித்தால்தான் விழித்திருக்கிறது என்கிற அவமானம்தான் பெரிதாக இருந்தது. பழைய ஃபர்ம்வேர் அதே லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. திருப்பி ஏற்றினால் பத்தே நிமிஷம்.

"ஓடுறத ஏன் நோண்டுற?" என்றார் அண்ணி.

"முறையா சரி பண்ணிடுறேன் அண்ணி."

ஏற்ற ஆரம்பித்தேன். நாதஸ்வரம் காதைத் துளைத்தது. இந்தச் சத்தத்தில் எப்படி வேலை பார்ப்பது என்று, பழக்க தோஷத்தில், வீடியோவை நிறுத்திவிட்டேன்.

(ஆமாம். நானேதான். வேறு யாருமில்லை.)

பாதி எழுதிய நிலையில் திரை நின்றது. ஃபர்ம்வேர் பாதி பழையது, பாதி புதியது. அணைத்துப் போட்டால் விளக்குக்கூட எரியவில்லை. அந்த நிலையில் உயிர் கொடுக்க ஒரு சின்னக் கருவி வேண்டும், நேரடியாகச் சிப்பைக் கவ்விப் பிடித்து எழுதுவது. அது சென்னையில் என் அலமாரியில் இருந்தது.

அறையில் சத்தமே இல்லை. வெளியே ஒருவர் எட்டிப் பார்த்து, "பாட்ட ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஒரு லோடு வண்டியைக் கூப்பிட்டு, மீதி ஒன்பது பேரையும் ஏற்றி மன்னார்குடிக்கு அழைத்துப் போனான். நானும் பின்னால் மஞ்சள் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். அங்கே ஒரு மையத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். ஒவ்வொருவராக முடிந்தது. இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கேயும் அப்பா பின்னாலேயே நின்றார். முன்னால் போங்கப்பா என்று இரண்டு தடவை சொன்னேன். "நம்மாலதான் இவங்களுக்கு அலைச்சல். இவங்க முடிக்கட்டும்," என்றார்.

எட்டுப் பேருக்கு முடிந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவருடைய ஆதாரில் இருந்த போன் நம்பர் எப்போதோ செத்துப்போனது என்று தெரிந்தது. ஓடிபி அந்த நம்பருக்கே விசுவாசமாகப் போய்க்கொண்டிருந்தது. கைரேகை வைக்கலாம் என்றார்கள். நாற்று நட்டு, களை பறித்து, அப்பாவின் விரல்களில் ரேகை தேய்ந்திருந்தது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். ஏழாவது விரலிலோ எட்டாவதிலோ, பதிவு முடிந்தது என்று தளத்தில் செய்தி வந்துவிட்டது. அவருடையது முடிந்தது என்று நினைத்து நான் கை தட்டிவிட்டேன். கடைசித் தேதி கடந்து, அந்த வருஷத்துக்கான மொத்தப் பதிவும் முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் கொட்டியது. வடிகால் வாய்க்கால் எதிர்த்துக்கொண்டு வயலுக்குள் வந்தது. பதிந்திருந்தவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் ஏதோ கொஞ்சம் வந்தது, அப்புறம். எங்களுக்கு இல்லை. நான் ஊருக்குப் போய் வரப்பில் நின்றபோது, நட்ட பயிர் தண்ணீருக்கு அடியில் பழுத்துக் கிடந்தது. நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று, வாய்க்கால் மடையில் அடைத்திருந்த ஆகாயத் தாமரையைக் கைகளால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிரயோஜனமில்லை என்று அவருக்கும் தெரியும்.

"அப்பா, என்னாலதான்," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "மழையும் நீதான் பெய்ய வச்சியா?"

"இல்லப்பா, பதிவு..."

"அந்தத் தூக்கத்துல எத்தனையோ படி இருக்குன்னியே. இது எத்தனாவது படி?" வயலைக் காட்டினார்.

தண்ணீரில் இறங்கி அவரோடு ஆகாயத் தாமரையை இழுத்தேன். இருட்டும்வரை இழுத்தோம். அந்த வருஷம் வீட்டில் ரேஷன் அரிசி. அம்மா அதை வடித்து வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கரண்டி கூடப் போடுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை.

லேப்டாப்பை நாசமாக்கிய அன்றே அந்தத் திருத்தத்தைப் பொதுவிலிருந்து நீக்கியிருந்தேன். நீக்கினால் காரணம் எழுத வேண்டும். அது என்றைக்கும் அழியாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சார்ஜரைக் கழற்றாமல் சோதித்தது என் தவறு என்று எழுதினேன். பிழையைத் தெரிவித்தவர் யார் என்று ஒரு வரி சேர்ப்பது எங்கள் வழக்கம். நெடுநேரம் யோசித்துவிட்டு, 'கோவிந்தராசு, விவசாயி' என்று எழுதினேன்.

குளிர்நாட்டுக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். திரு. கோவிந்தராசுவுக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொன்னார். இத்தனை நுணுக்கமான பிழையை அவர் எப்படிப் பிடித்தார் என்றும் கேட்டார். சில மாதம் கழித்து வேறொருவர் எழுதினார்: புதிய மாடலுக்கு ஒரு திருத்தம் இருக்கிறது, கோவிந்தராசு சோதித்துப் பார்க்க நேரம் ஒதுக்குவாரா?

அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதிலிருந்து வீட்டில் மிக்ஸி நின்றாலும், மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும், அம்மா குழம்பில் உப்புக் கூடினாலும், "எம்பேரப் போட்டு எழுது கவிதா," என்கிறார். சொந்தக்காரர்கள் வந்தால் இந்தக் கதையை அண்ணி முழுசாகச் சொல்லுவார், வாயாலேயே தவில் அடித்து. நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பேன்.

இந்த வருஷம் காப்பீட்டுப் பதிவு தொடங்கிய முதல் நாளே அப்பா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மன்னார்குடி போய்ப் பதிந்துவிட்டு வந்தாராம். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததைப் பார்த்து அண்ணனுக்குக் கோபம்.

"நம்ம கடை இங்க இருக்கறப்ப ஏம்ப்பா அவ்ளோ தூரம் போனீங்க?"

"உன் தங்கச்சி லீவுல வருதுன்னு சொன்னாங்க," என்றாராம் அப்பா.