பதினாலு வளைவும் ஒரு கார் டயரும்

சக்கரம் மனித குலத்துக்கு இரண்டு முறை கிடைத்தது. முதல் முறை எங்கே, யாருக்கு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாம் முறை சிட்லபாக்கத்தில், எங்கள் தலைவர் சத்தியநாதனுக்கு. இதில் கருத்து வேறுபாடே இல்லை. செயற்குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

நான் தென்சென்னை நெடும்பயண மோட்டார் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர்கள் பதினொரு பேர். ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்குத் தோல் சட்டை, கையுறை, முழங்கால் கவசம் சகிதம் தாம்பரத்திலிருந்து நெடும்பயணம் புறப்படுவோம். கூடுவாஞ்சேரியில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஒருமுறை மதுராந்தகம் வரைகூடப் போயிருக்கிறோம். அன்று கூடுவாஞ்சேரியில் வடை தீர்ந்துவிட்டது.

சத்தியநாதன் ஒரு பம்பு கம்பெனியில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டிக்கு ஆறு சிலிண்டர், நானூறு கிலோ எடை, ரேடியோ, ரிவர்ஸ் கியர். பின் இருக்கையில் முதுகுக்கு மெத்தை, கைக்குத் திண்டு. அந்த இருக்கை அவர் மனைவி செல்வமேரிக்கு உரியது. தாம்பரம் ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு, வண்டி வாங்கிய அன்றே தலைவர் ஒரு வாக்குறுதி அளித்திருந்தார். "இதுல உன்ன ஏலகிரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." மலைப்பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள்.

அது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. முதல் ஆண்டு மழை தடுத்தது. இரண்டாம் ஆண்டு வெயில் தடுத்தது. மூன்றாம் ஆண்டு மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் இதமான நாட்கள் வந்துகொண்டே இருந்து, தலைவரை மிகுந்த நெருக்கடிக்கு உள்ளாக்கின.

அந்த நேரத்தில்தான் கார் டயர் வந்தது.

"அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேர் டூரிங் பைக்குக்குப் பின்னால கார் டயர்தான் போடறாங்க" என்று தலைவர் செயற்குழுவில் அறிவித்தார். "அம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்குமாம்."

அவர் வண்டி மூன்றாண்டுகளில் ஐயாயிரம் ஓடியிருந்தது. "அப்படின்னா முப்பது வருஷம் வரும் சார். நம்மள்ல யாரு வருவோம்?" என்றார் உறுப்பினர் பக்தவச்சலம். ஒரு நிமிடம் மௌனம் காத்தோம்.

குரோம்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் ஜெயவேலுவிடம் வண்டி போனது. புதிய டயரை அவர் உருட்டிப் பார்த்தார்.

"சார், இது கார் டயர் சார்."

"தெரியும்" என்றார் தலைவர்.

"உங்களாண்ட கீறது பைக்கு."

"அதுவும் தெரியும்."

"அப்ப சரி. தெரியாம வாங்கினு வந்துட்டீங்களோன்னு கேட்டேன். பைக் டயரு உருண்டையா இருக்கும் சார், சாச்சா சாயும். இது பலகை மாதிரி கீது. நேரா போனா ராஜா. வளவுல சாச்சீங்கன்னா, எழுந்திரு எழுந்திருன்னு வண்டிய தூக்கி நிறுத்தும்."

"அதுக்குப் பேர்தான் ஸ்டெபிலிட்டி, ஜெயவேலு."

"பேர் எனக்குத் தெரியாது சார். வளவுல பேஜார்."

தலைவர் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை, ஒரு மாபெரும் கண்டுபிடிப்பாளரின் நிம்மதி என்றே அன்று நினைத்தேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஜெயவேலு காற்றை ஏற்றினார். டயர் 'டமார்' என்று ரிம்மில் உட்கார்ந்தது. நாங்கள் கைதட்டினோம்.

அன்று மாலை தலைவர் வீட்டில் செல்வமேரியிடம் முறைப்படி தகவல் தெரிவிக்கப்பட்டது. நானும் உடன் இருந்தேன்.

"டெக்னிக்கல் ரீசன், மேரி. இந்த டயர்ல மலை வளைவு சரிப்படாது."

"அப்ப எதுக்குங்க மாட்டுனீங்க?"

"பாதுகாப்புக்கு."

"எங்க பாதுகாப்பு?"

"நேர் ரோட்ல."

"நேர் ரோட்ல பழைய டயர் என்ன பண்ணுச்சு?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் செல்வமேரி நேராக ஜெயவேலு கடைக்குப் போனார். சங்கத்தின் 'நிலைப்பாட்டை' விளக்குவதற்காக நானும் போனேன். விளக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. பழைய டயரை எடுத்துக் காட்டச் சொன்னார். நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் மெல்லிய ரப்பர் முடிகள் குத்திட்டு நின்றன.

அவற்றைத் தடவிப் பார்த்து, "இது என்ன ஜெயவேலு?" என்றார்.

"முடிதாங்க்கா. புது டயர்ல அப்டித்தான் நீட்டிகினு இருக்கும். வளவுல சாச்சி ஓட்டுனா ஒரே நாள்ல தேஞ்சி பூடும்."

"இது மூணு வருஷத்து டயர்."

"அதாங்க்கா நானும் பாத்துகினு கீறேன்."

"நீங்க ஏலகிரி போயிருக்கீங்களா?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்டீங்க? எம் பொஞ்சாதி எல்லம்மாவோட தங்கச்சி வூடே அங்கதான். வருசத்துக்கு ரெண்டு தபா அவள இட்டுகினு போயிட்டு வரேன்." சுவரோரம் நின்ற தன்னுடைய நூறு சிசி வண்டியைக் காட்டினார். அது நிற்கும்போதே சாய்ந்துதான் நின்றது.

திரும்பி வரும்போது செல்வமேரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பயம்னா பயம்னு சொல்லிடலாமே, ஸ்ரீரங்கன் சார். எனக்கும்தான் பயம். அதுக்குத்தானே ரெண்டு பேரா போறது."

அந்தச் சொல் எங்கள் சங்கத்தின் அகராதியில் இல்லை என்பதைப் பணிவுடன் எடுத்துரைத்தேன். 'முன்னெச்சரிக்கை' என்ற சொல்தான் உண்டு. அன்றிரவு என் வண்டியின் டயரைத் தடவிப் பார்த்தேன். முன்னெச்சரிக்கை அடர்த்தியாக வளர்ந்திருந்தது.

வீட்டில் செல்வமேரி தகராறு எதுவும் செய்யவில்லை. "பதினெட்டாம் தேதி நமக்கு முப்பதாவது கல்யாண நாள். அன்னிக்கு நான் ஏலகிரில இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டார்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. ஏலகிரி என்பது உச்சி மட்டுமல்ல, அடிவாரமும் சேர்ந்ததே என்றும், அடிவாரம் வரை சாலை ஏறக்குறைய நேரானது என்றும், ஆகவே பயணத்துக்குத் தடையேதும் இல்லை என்றும் தீர்மானம் நிறைவேறியது. பதினெட்டாம் தேதி விடியற்காலையில் பதினொரு வண்டிகள் கிளம்பின. தலைவருக்குப் பின்னால் செல்வமேரி. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். புதிய டயர் ராஜாவைப் போல் போனது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

அடிவாரத் தேநீர்க் கடையில் இறங்கினோம். மலையைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அப்போது திருப்பத்தூரிலிருந்து மலைக்குப் போகும் பேருந்து வந்து நின்றது. செல்வமேரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டார்.

"ஏறுங்க" என்றார்.

தலைவரின் ஒரு கால் படிக்கட்டு வரை போனது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"வண்டிய யார் பாத்துக்கறது?"

நாங்கள் பத்துப் பேர் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர்கூட முன்வரவில்லை. தலைவர் ஏறிவிட்டால் நாளைக்கு எங்கள் பத்து வீடுகளிலும் கேள்வி வரும். பக்தவச்சலம் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மலையின் உயரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

நடத்துனர் விசில் அடித்தார். தலைவரின் கால் கீழே வந்தது. செல்வமேரி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள, கோழிக்கூடையோடு ஏறிய ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். முதல் வளைவில் பேருந்து நன்றாகவே சாய்ந்தது. எழுந்திரு என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.

மாலையில் செல்வமேரி இறங்கி வரும்வரை தலைவர் அந்த ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு, கூடுவாஞ்சேரியில், செயலாளர் என்ற முறையில் அறிக்கை வாசித்தேன்.

"ஏலகிரிப் பயணம் இனிதே நிறைவுற்றது. விபத்து ஏதுமில்லை. பயணத்தில் கலந்துகொண்ட உறுப்பினர்கள் பதினொருவர். மலை ஏறியவர் ஒருவர். அவர் உறுப்பினர் அல்லர்."