ரீச்சரின் சல்வியாப் பாத்தி

அன்றும் வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்குத் தவராசா வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னத்தை அப்பிடிப் பார்க்கிறியள்?" என்றாள் மனைவி கமலாதேவி.

"சல்வியா. ரீச்சரின்ர பாத்தி என்ன மாதிரிப் பூத்திருக்கு."

கமலாதேவிக்கு அந்த உயரம் எட்டாது. வேலியில் கட்டியிருந்த தென்னோலைக் கிடுகின் இடுக்கில் கண்ணை வைத்தாள். துறைமுகப் பக்கம் சரிந்த பக்கத்து வளவில் சிவப்புக் கதிர்கள் வெயிலில் எரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், கலியாணம் கட்டாத பாக்கியரத்தினம் ரீச்சர் தலை முழுகிக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் ரீச்சர் முழுகும் நாள். தவராசாவுக்குப் பூப் பார்க்கத் தோன்றுவதும் செவ்வாயும் வெள்ளியும்தான்.

மறுநாளே வேலி அடைக்கிற கதிராமனைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கிடுகு உயர்த்திவிடு."

"ஏன் அக்கா?"

"நேவிக்காரர் எட்டிப் பார்க்கினம்."

சண்டை நடந்த அந்த நாட்களில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை தவராசா புது வேலியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூலையில் கிடுகை விலக்கி, ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டுப் பிரித்து, குனிந்து நுழைந்து, ரீச்சரின் பாத்திக்கே போய்விட்டார்.

பூ இங்கே வந்துவிட்டால் மனுசன் வீட்டில் நிற்பார் என்று கமலாதேவி நினைத்தாள். நாற்றுக்கும் ரீச்சரிடம்தான் போக வேண்டும். தவராசாவே போனார், சந்தோசமாகப் போனார்.

வேலியோரம் நட்ட நாற்றுகள் நெடுநெடுவென்று வளர்ந்தன. ஒரு பூ இல்லை.

"வேலி நிழலாம். வெயில் காணாதாம்."

"ஆர் சொன்னது?"

"ரீச்சர்."

ஆட்டெரு போட்டாள். இலைதான் பெருத்தது.

"எரு கூடிப்போச்சாம். நுனியைக் கிள்ளட்டாம்."

"இதுக்கும் ரீச்சரோ?"

"ஓம். மிச்சத்தை வெள்ளிக்கிழமை வந்து கேட்கட்டாம்."

கமலாதேவி கிள்ளினாள். ரீச்சரை நினைத்துக்கொண்டு கிள்ளியதில் செடிகள் பாதியாகிவிட்டன.

தரைப்பாதை பூட்டியிருந்தது; மகன் சிவகுருநாதன் கப்பலில் வெளியேறப் பாஸ் கிடைக்காமல் ஆறு மாதமாக யாழ்ப்பாணத்தில் கிடந்தான். அங்கிருந்து கப்பல் வந்தும் அவன் வரவில்லை என்று கேள்விப்பட்டால், அவள் அன்று முழுக்கச் சோறு தொடமாட்டாள். அதனால் தவராசா அந்தக் கதையையே எடுப்பதில்லை. அவளுக்கு அதுவும் குற்றமாகப்பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதிராமனைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொட்டை அடை. முள்ளுக்கம்பி வைச்சு அடை. பெத்த பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லில்லை அந்த மனுசனுக்கு. வாயைத் திறந்தால் சல்வியா, மூடினால் ரீச்சர்."

கிடுகைக் கையில் எடுத்த கதிராமன் அதைத் திரும்ப நிலத்தில் வைத்தான்.

"அக்கா, நான் வேலியை உயர்த்தினதால அண்ணைக்கு இஞ்சயிருந்து கப்பல் தெரியாமப் போச்சு, பொட்டையும் அடைச்சா, செவ்வாய் வெள்ளியில உங்கட மகன் இறங்கி வாறானோ எண்டு அந்தாள் எங்க நிண்டு பார்க்கிறது?"