ஏழாம் மாடியிலிருந்து தெரிந்த நாடு

காலைப் பனி கலைந்து கடலுக்குத் திரும்பவே பத்து மணியாகும் நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் அலைமேடு. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையைப் பானையில் போட்டு, தங்களை ஆள ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தவரைப் படைத்தலைவர் இடிமுரசர் ஒரு விடியலில் எழுப்பி, படகில் ஏற்றி, எங்கோ அனுப்பிவிட்டு, அரியணையில் உட்கார்ந்தார். படை யானைகளில் வந்தது. கால்களில் சாக்கு கட்டியிருந்ததால் யானைகள் பனிக்குள் மேகம்போல நகர்ந்தன. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அன்று பால் வரவில்லை என்பதுதான்.

அரியணையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. அரசர் என்று யாராவது கூப்பிட வேண்டும். உள்ளூர்க்காரன் கூப்பிட்டால் செல்லாது. கடலுக்கு அப்பாலிருக்கும் தூரதேசம் கூப்பிட வேண்டும். தூரதேசமோ தன் பத்திரிகையான 'உலகநேத்திர'த்தைப் படித்த பிறகே யாரை என்னவென்று கூப்பிடுவது என முடிவு செய்யும்.

அந்தப் பத்திரிகையின் செய்தியாளர் ஹால்டன் துரை துறைமுக விடுதியின் ஏழாம் மாடியில் தங்கியிருந்தார். அலைமேட்டு மொழியை இலக்கணப் புத்தகத்தில் கற்றவர். தெருவில் பேசினால் புரியாது. அதற்காகத் தவமணியை வைத்திருந்தார். உப்பளக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் அவள். இரண்டு மொழியும் தெரியும்.

படை வந்த காலையில் துரை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லாரும் கதவைத் தாழிட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்ததால் தெரு வெறிச்சென்றிருந்தது. முந்தைய நாள் சவ ஊர்வலத்தில் இறைத்த பூக்கள் வழியெங்கும் கிடந்தன. துரை எழுதினார்: 'அலைமேட்டில் ஒழுங்கு திரும்பியது. தெருக்கள் அமைதியாக இருந்தன. மக்கள் மலர் தூவி வரவேற்றனர்.'

"அது பொணத்துக்குப் போட்ட பூ, துரை."

"மலர் மலர்தானே, தவமணி?"

மூன்று நாளில் பத்திரிகை கப்பலில் வந்து சேர்ந்தது. செய்தி அமைச்சர் நாவலங்காரர் அதைப் பட்டுத்துணியில் ஏந்தி அவையில் வாசித்தார். இடிமுரசருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு நல்ல நாடா நம்ம நாடு?"

"இல்லை, மன்னா. ஆனால் இருந்தாக வேண்டும். தூரதேசத்தார் நாளைக்கே வந்து பார்த்தால் நம் மானம் என்ன ஆவது?"

அன்றே ஆணை பிறந்தது. தெருவில் சத்தம் கூடாது. மாடுகளின் கழுத்துமணிக்குள் பஞ்சு அடைக்கப்பட்டது. மீன்காரிகள் வாசல் வாசலாகப் போய்க் காதோடு காதாக "மத்தி, மத்தி" என்றார்கள். கேட்டவர்கள் குறைவு, மீன் நாறியது. அடுத்த ஆணை, வீட்டுக்கு ஒரு கூடை பூ. கத்தரியையும் வெண்டையையும் பிடுங்கிவிட்டுச் செவ்வந்தி நட்டார்கள். ஊரே மஞ்சளாக, வாசனையாக, பசியாக இருந்தது. ஏழாம் மாடியிலிருந்து பார்த்தால் சொர்க்கம்தான்.

தவமணியின் தம்பி மாசிலாமணி, புளியங்கொட்டைப் பானைகளுக்குக் காவலாக இருந்தவன். "எண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று படையிடம் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அவனைப் பிடிக்க வீரர்கள் வீட்டுக்கு வந்த காலையில் துரையும் தவமணியோடு தெருவில் நின்றார். அவர் மாடியிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்த முதல் நாள் அது.

கட்டிய கைகளோடு வாசலைத் தாண்டும்போது தம்பி திரும்பிப் பார்த்தான். "அக்கா, போயிட்டு வரேன்."

"என்ன சொல்கிறார்?" என்று துரை கேட்டார்.

அலைமேட்டில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டுவதில்லை. கடைக்குப் போகிறவனும் அப்படித்தான் சொல்வான், தூக்குமேடைக்குப் போகிறவனும் அப்படித்தான் சொல்வான். இதையெல்லாம் விளக்க வேண்டியவளின் கண் தெருமுனை வரை தம்பியின் பின்னாலேயே போயிற்று. வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தாள். அவள் செய்ததிலேயே பிசகில்லாத மொழிபெயர்ப்பு அது. அதைவிடப் பெரிய பிழையும் அவள் செய்ததில்லை.

பத்திரிகையில் வந்தது: 'காவலில் உள்ளவர்கள் தாமாகவே சென்றனர். திரும்பி வருவதாகவும் உறுதியளித்தனர்.'

மூன்றாவது ஆணை: போனவர்கள் வருவதாக வாக்குக் கொடுத்திருப்பதால், அவர்கள் எங்கே என்று விசாரிப்பது அவர்களின் நாணயத்தைச் சந்தேகிப்பதாகும். தண்டனை ஆறு மாதம்.

இருபது நாள் பொறுத்த தவமணி நாவலங்காரரின் அலுவலகத்தில் போய் நின்றாள்.

"என் தம்பிய எங்க வச்சிருக்கீங்க, ஐயா?"

"நாங்க எங்கம்மா வச்சோம்? அவராத்தான் போயிருக்கார். வர்றேன்னு வேற சொல்லியிருக்கார். மொழிபெயர்த்ததே நீதானாமே!"

"அது சும்மா சொல்றது. உங்க வீட்டுல சொல்ல மாட்டீங்களா?"

"வீட்டுல சொன்னா சும்மா சொல்றது. பத்திரிகையில வந்துட்டா அப்படி இல்ல." அவர் பட்டுத்துணியை விலக்கிக் காட்டினார். "இதுல இருந்தா நாட்டுல இருக்கு. இதுல இல்லன்னா நாட்டுல இல்ல. உன் தம்பி பேரு இதுல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? துரைகிட்ட வேலை செய்யுறவளாச்சேன்னு விடுறேன். கிளம்பு."

அவள் ஏழு மாடியும் ஏறினாள். "அவன் பேரைப் போடுங்க, துரை. ஒரே ஒரு தடவை."

"எங்கள் வாசகர்கள் காலை உணவின்போது படிப்பவர்கள். துயரச் செய்தியில் இவ்வளவு நீளமான பெயர் சுமையாகிவிடும்," என்றார் துரை. பிறகு மனம் இளகி, "மகிழ்ச்சியான செய்தியாக இருந்தால் ஒரு பெயர் அழகு சேர்க்கும்," என்றார்.

தவமணி இறங்கும்போது இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து யோசித்தாள்.

வெள்ளிதோறும் நாவலங்காரர் துரைக்காகச் சொற்பொழிவாற்றுவது வழக்கம். அந்த வெள்ளியன்று செவ்வந்திக்கு எரு இடும் முறையை அரைமணி நேரம் விளக்கினார். தவமணி நிதானமாகப் பெயர்த்தாள்: "காவலிலிருந்த மாசிலாமணியை மன்னர் கருணையோடு விடுவித்துவிட்டார். வரும் வியாழக்கிழமை துறைமுகத்தில் அக்காவிடம் ஒப்படைக்கிறார்கள்." மகிழ்ச்சியான செய்தி. துரை பெயரை எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார்.

பத்திரிகை வந்தபோது அரண்மனையில் அதை மூன்று முறை திருப்பித் திருப்பி வாசித்தார்கள்.

"யாரய்யா அவனை விட்டது?"

"யாரும் விடவில்லை, மன்னா."

"அப்ப இதுல இருக்கறது பொய்யா?"

இது பொய்யென்றால் மலர் தூவியதும் பொய், ஒழுங்கு திரும்பியதும் பொய். அரசர் என்று போட்டிருந்ததும்கூட. அந்தப் பெண் மாற்றிச் சொன்னாள் என்று அவளைப் பிடித்து உள்ளே போட்டாலும் கதை அங்கேயே வந்து நிற்கும்.

நாவலங்காரர் தொண்டையைச் செருமினார். "அந்த மாசிலாமணியைத் தேடுவோம், மன்னா. கிடைக்காவிட்டால் ஒரு மாசிலாமணியைத் தேடுவோம்."

வியாழனன்று துறைமுகத்தில் பனி இறங்கியிருந்தது. படம் பிடிப்பவர் தயாராக நின்றார். இரண்டு வீரர்கள் ஓர் இளைஞனைப் பனிக்குள்ளிருந்து நடத்தி வந்தார்கள். தம்பியின் சட்டையைப் போட்டிருந்தான். சட்டை தொளதொளத்தது. முகம் வேறு.

"அக்கா," என்றான் அவன், சொல்லிக்கொடுத்த குரலில்.

தவமணி அவனை நெருங்கி, தோளைப் பிடித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். "யாருடா நீ?"

"மேலக்கரையில வலை பின்றவங்க. வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க. திருப்பிக் கொண்டுபோயிருவாங்க."

"உள்ள என் தம்பி இருக்கானா? மாசிலாமணி. பானைக் காவல்."

அவன் தலையைக் குனிந்தான். "அந்தப் பேரை எல்லாக் கொட்டடியிலயும் கூப்பிட்டாங்க. மூணு நாள் கூப்பிட்டாங்க. யாரும் எந்திரிக்கல. அப்புறம்தான் என்னையப் பாத்து நீதான்டா மாசிலாமணின்னாங்க."

ஏற்றுக்கொண்டால் அவள் தம்பி வந்துவிட்டவனாகிவிடுவான். இனி அவன் எங்கே என்று எவரிடமும் கேட்க முடியாது. மறுத்தால் இந்தப் பையன் திரும்பிப் போவான். துரை கடிகாரத்தைப் பார்த்தார். வீரன் ஒருவன் பையனைக் கட்டிவந்த கயிற்றைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஏன்டா இப்படி எளைச்சுப்போயிட்ட?" என்று தவமணி துறைமுகமே கேட்கும்படி கத்தினாள். தெருவில் சத்தம் கூடாது என்ற ஆணைக்குப் பிறகு அலைமேட்டில் எழுந்த முதல் சத்தம் அதுதான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். படம் நன்றாக வந்ததாகச் சொன்னார்கள்.

படம் அச்சாகிக் கப்பலில் வந்த மறுநாளிலிருந்து, படை பிடித்துப்போனவர்களின் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பனியோடு பனியாக வந்து வாசலில் நின்று, உள்ளே படுத்திருந்த பையனின் முகத்தைப் பார்த்தார்கள். நாலாம் நாள் மேலக்கரையிலிருந்து வந்தவள் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் திரும்பும் முன் தவமணியின் காதில் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மீன்காரிகளுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம்.

அடுத்த வெள்ளியன்று நாவலங்காரர் சாலையோர மரங்களுக்கு வெள்ளையடிப்பதன் சிறப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். தவமணி அந்தப் பெண்கள் காதில் சொன்ன பெயர்களை விடுதலையானவர்களின் பெயர்களாகச் சொல்லத் தொடங்கினாள். பன்னிரண்டாவது பெயரில் துரை பேனாவை நிறுத்தினார்.

"ஒரு பெயர் அழகு, தவமணி. இது பட்டியல். நான் எண்ணிக்கையை மட்டும் போடுகிறேன். மொத்தம் எத்தனை பேர்?"

அவள் நாவலங்காரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டி ஊக்கப்படுத்தினார்.

"எல்லாரும்னு போடுங்க," என்றாள்.

துரை எழுதிக்கொண்டார். அமைச்சர் திருப்தியாக எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார்.

"அவ்வளவு நேரம் பேசினேனே, எல்லாத்தையும் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன், ஐயா. அவங்க மொழியில ஒரே வார்த்தைல முடிஞ்சிருச்சு."